கேப்டன் குக்கை நான்கு ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து படிக்க ஒரு வழி

கேள்வி: நான் கடலூரில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். எங்கள் பள்ளியும் காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய ஊர்களிலிருந்து ஒவ்வொரு பள்ளியும் சேர்ந்து, இணையம் வழியாக ஒரு கடல் பயணியைப் பற்றிப் படிக்க முடிவு செய்திருக்கிறோம். கேப்டன் ஜேம்ஸ் குக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அவர் வாழ்க்கையை நான்காகப் பிரித்து, ஆளுக்கொரு பகுதியைத் தயாரித்து, வீடியோ அழைப்பில் வாசித்துக் காட்டுவது எங்கள் திட்டம். இது போதுமா?

பதில்:

போதாது. பிள்ளைகளின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. அந்த உழைப்பு வீணாவதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு நிகழ்ச்சிக்கு உதவப் புதுச்சேரியிலிருந்து போயிருந்தேன். இரண்டு பள்ளிகள், ஒரே கடல் பயணி, சுவர் நிறையத் திரை. முதல் பள்ளிப் பிள்ளைகள் ஒப்பித்து முடித்தார்கள். இரண்டாவது பள்ளியின் முறை வந்தபோது அதே வாக்கியங்கள் அதே வரிசையில் வந்தன. குக் 1770இல் ஆஸ்திரேலியாவைக் கண்டுபிடித்தார் என்ற தவறும் மாறாமல் வந்தது. டச்சு மாலுமி வில்லெம் யான்சோன் 1606ஆம் ஆண்டிலேயே அந்த நிலத்தில் இறங்கியிருந்தார். அவருக்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கே மக்கள் வாழ்ந்து வந்தார்கள். இரண்டு பள்ளிகளும் ஒரே பக்கத்தைப் பார்த்து எழுதியிருந்தன. திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். கேள்வி நேரத்தில் ஒரு கை கூட உயரவில்லை. ஏற்கெனவே தெரிந்ததைத் தங்களுக்கே திருப்பிச் சொல்பவரிடம் யார், எதைக் கேட்பார்கள்?

குக்கின் வாழ்க்கையை நான்காகப் பிரித்தாலும் இதுதான் நடக்கும். கடலூருக்குக் கிடைக்கும் குக் வேறு, மாஹேக்குக் கிடைக்கும் குக் வேறு அல்ல. ஒவ்வோர் ஊரிடமும் மற்ற மூன்று ஊர்களுக்கும் கிடைக்காத ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அது வந்து சேர்ந்தால்தான் விடை கிடைக்கும் என்ற நிலை இருக்க வேண்டும். அப்போதுதான் பிள்ளைகள் ஒருவரையொருவர் தேடுவார்கள். உங்கள் நான்கு ஊர்களும் இதற்கென்றே வரைபடத்தில் குறித்து வைத்ததைப் போல அமைந்திருக்கின்றன. நீங்கள் அதைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அட்லஸைத் திறந்து பாருங்கள். கடலூர் ஏறத்தாழ 11.75 பாகை வடக்கு, 79.77 பாகை கிழக்கு. மாஹே 11.70 பாகை வடக்கு, 75.53 பாகை கிழக்கு. அதாவது மாஹே கடலூருக்கு ஏறக்குறைய நேர் மேற்கே, அரபிக் கடலோரத்தில் இருக்கிறது. காரைக்கால் 10.92 பாகை வடக்கு, 79.83 பாகை கிழக்கு. அது உங்களுக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது. கோதாவரிக் கரையிலுள்ள ஏனாம் 16.73 பாகை வடக்கு, 82.21 பாகை கிழக்கு. வடக்கே வெகுதூரத்தில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் வணிகத்துக்காகச் சிதறலாகப் பிடித்து வைத்த மற்ற மூன்று ஊர்களும், பூமியை அளக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு இப்படிப் பயன்படுகின்றன. (இந்த எண்களை உங்களுக்காக மட்டும் எழுதுகிறேன். பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிட வேண்டாம். காரணம் கீழே வருகிறது.)

குக் யார் என்பதை முதல் வகுப்பில் கால் மணி நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். 1728இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு பண்ணைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். சிறு வயதில் ஒரு கடையில் வேலை கற்றார். பிறகு நிலக்கரி ஏற்றும் கப்பல்களில் கடலைக் கற்றார். 1755இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார். இன்றைய கனடாவிலுள்ள நியூஃபவுண்ட்லாந்துக் கரையை அளந்து வரைபடமாக்கிப் பெயர் பெற்றார். 1768 முதல் 1779 வரை பசிபிக் கடலில் மூன்று பெரும் பயணங்கள். 1779 பிப்ரவரி 14 அன்று ஹவாயின் கியாலகேகுவா விரிகுடாவில் ஏற்பட்ட மோதலில் கொல்லப்பட்டார். இவ்வளவு போதும். ஒன்றை மட்டும் செய்து காட்டுங்கள். முதல் பயணத்தின் ‘எண்டெவர்’ பழைய நிலக்கரிக் கப்பல், நீளம் சுமார் 32 மீட்டர். பள்ளி மைதானத்தில் அந்த நீளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதற்குள் 94 பேரை நிற்கச் சொல்லுங்கள். குக் புறப்பட்டபோது கப்பலில் இருந்தவர்கள் அத்தனை பேர். ஓர் ஆடும் இருந்தது. அந்த ஆடு அதற்கு முன்பே வேறொரு கப்பலில் உலகைச் சுற்றி வந்திருந்தது. பிள்ளைகள் குக்கை மறந்தாலும் அந்த ஆட்டை மறக்க மாட்டார்கள்.

ஆனால் குக்கின் நாள்களையெல்லாம் தின்ற கேள்வி வேறு. நடுக்கடலில் நிற்கிறோம், நாம் எங்கே இருக்கிறோம்? வடக்கு-தெற்கு இருப்பிடத்தைச் சூரியனின் உயரமே சொல்லிவிடும். கிழக்கு-மேற்கு இருப்பிடத்தை அது சொல்லாது. பூமி ஒரு நாளில் 360 பாகை சுழல்கிறது, அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிளம்பிய ஊரில் இப்போது மணி என்ன என்று தெரிந்தால்தான், இங்கே உச்சி வேளை எவ்வளவு முந்தி அல்லது பிந்தி வருகிறது என்று பார்த்து தீர்க்கக்கோட்டைச் சொல்ல முடியும். குக்கின் முதல் பயணத்தில் அந்த நேரத்தைக் காத்துத் தரும் கடிகாரம் இல்லை. நிலவுக்கும் விண்மீன்களுக்கும் இடையேயுள்ள கோணத்தை அளந்து, அட்டவணை பார்த்து, மணிக்கணக்கில் கணக்கிட்டார்கள். 1772இல் தொடங்கிய இரண்டாம் பயணத்தில்தான் ஜான் ஹாரிசனின் கடிகாரத்தைப் பார்த்து லார்க்கம் கெண்டால் செய்த நகல் கூடப் போனது. உங்கள் பிள்ளைகளிடம் உள்ள கைபேசிகள் எல்லாமே தாமாகச் சரியான நேரத்தைக் காட்டுகின்றன. குக் ஏங்கிய கருவி அவர்கள் சட்டைப்பையில் இருக்கிறது. அதை வைத்து அவர் செய்த வேலையை அவர்களே செய்து பார்க்கட்டும்.

சோதனைக்கு முன்னால் ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். இது இல்லாமல் குக் நம் பிள்ளைகளுக்கு அந்நியராகவே இருந்துவிடுவார். எண்டெவர் கிளம்பியதற்கு வெளியே சொன்ன காரணம் வெள்ளி இடைநகர்வு. வெள்ளிக் கோள் ஒரு சிறு கரும்புள்ளியாகச் சூரியனின் முகத்தைக் கடந்து செல்வதை அப்படிச் சொல்கிறோம். 1769 ஜூனில் அது நிகழ இருந்தது. பூமியின் வெவ்வேறு மூலைகளிலிருந்து ஒரே நேரத்தில் அதைக் குறித்து வைத்தால், அந்தக் குறிப்புகளின் சிறு வேறுபாட்டிலிருந்து சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிடலாம். ஓர் இடத்திலிருந்து மட்டும் எவ்வளவு துல்லியமாகப் பார்த்தாலும் பயன் இல்லை. எனவே பல நாட்டு வானியலாளர்கள் உலகம் முழுவதும் போனார்கள். குக் பசிபிக் கடலிலுள்ள தஹிதித் தீவுக்குப் போனார். தெற்கே பெருங்கண்டம் ஒன்று இருக்கிறதா என்று தேடும்படி கடற்படை தந்த இரகசிய உத்தரவும் அவரிடம் இருந்தது.

உலகின் இன்னொரு மூலையாக அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்களில் ஒன்று புதுச்சேரி.

அங்கே வந்தவர் கியோம் லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர். அவர் கதை நெஞ்சை வருத்தும் கதை. வெள்ளி இடைநகர்வு எட்டு ஆண்டு இடைவெளியில் இரட்டையாக வரும், பிறகு நூறாண்டுக்கு மேல் வராது. முதலாவது 1761 ஜூன் 6. அதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க, 1760 மார்ச்சிலேயே பிரான்சிலிருந்து கப்பல் ஏறினார். அப்போது ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. உங்கள் ஊரும் அதில் அடிபட்டது. தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையை 1758இல் பிரெஞ்சுப் படை பிடித்துத் தகர்த்தது. பதிலுக்கு 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்தார்கள். கடலில் வந்துகொண்டிருந்த லெ ழாந்திக்கு இது எதுவும் தெரியாது. 1761 மே 24 அன்று மாஹே கரையை நெருங்கியபோதுதான் மாஹேயும் போய்விட்டது, புதுச்சேரியும் போய்விட்டது என்ற செய்தி வந்தது. உங்கள் கூட்டணியில் மாஹே இருக்கிறதே, அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: அவர்கள் தினமும் பார்க்கும் அந்தக் கடலில் நின்றுதான் அந்த மனிதர் அதைக் கேட்டார். கப்பல் திரும்பியது. ஜூன் 6 அன்று வானம் தெளிவாக இருந்தது. வெள்ளி கடப்பதை அவர் ஆடும் கப்பலில் நின்று பார்த்தார். தீர்க்கக்கோடு தெரியாத நடுக்கடலில் எடுத்த குறிப்பு எதற்கும் உதவவில்லை. அவரை முதலில் வீழ்த்தியது, நம் பிள்ளைகள் இப்போது கைவைக்கப் போகிற அதே கேள்விதான்.

அடுத்த எட்டு ஆண்டுகள் அவர் ஊருக்குத் திரும்பவில்லை. மடகாஸ்கர் கரைகளை ஆராய்ந்தார், மணிலாவுக்குப் போனார். அங்கிருந்தே இரண்டாவது நிகழ்வைப் பார்க்க நினைத்தார். ஆனால் பாரிசின் அறிவுரைப்படி 1768 மார்ச்சில் புதுச்சேரிக்கு வந்தார். ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்தது. ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் உதவியோடு, இடிந்த கோட்டையின் மேல் ஒரு வானாய்வுக்கூடம் கட்டினார். எட்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கோட்டையை இடித்த ஆங்கிலேயர், சென்னையிலிருந்து ஒரு நல்ல தொலைநோக்கியை அவருக்கு அனுப்பி வைத்தார்கள். 1769 ஜூன் 3 இரவு வானம் துடைத்து வைத்ததைப் போல இருந்தது. விடியற்காலையில் மேகம் திரண்டது. காலை ஏழு மணி வாக்கில் வெள்ளி சூரியனை விட்டு விலகும் அந்தக் கடைசிக் கட்டம் முடியும் வரை கலையவில்லை. அதன் பிறகு வெயில் அடித்தது. மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது.

அதே நேரத்தில் தஹிதியில் குக்கின் குழு மேகமே இல்லாத வானில் சுமார் ஆறு மணி நேரம் அந்தக் கரும்புள்ளியைப் பார்த்தது. அங்கே தேதி ஜூன் 3, இங்கே ஜூன் 4. ஒரே நிகழ்வுக்கு இரண்டு தேதிகள் எப்படி வந்தன என்று கேட்டுவிட்டு, விடையைச் சொல்லாமல் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். நான்கு பள்ளிப் பிள்ளைகளும் தங்களுக்குள் மோதி விடை கண்டுபிடிக்கட்டும். இணையத்தில் முதல் உரையாடல் இதுவாக இருந்தால் நல்லது. எல்லா நாடுகளின் குறிப்புகளையும் சேர்த்து 1771இல் ஆங்கிலேய வானியலாளர் தாமஸ் ஹார்ன்ஸ்பி கணக்கிட்ட சூரியத் தொலைவு சுமார் 15.08 கோடி கிலோமீட்டர். இன்றைய அளவு 14.96 கோடி. நூற்றுக்கு ஒன்று கூட வித்தியாசம் இல்லை.

லெ ழாந்தி புதுச்சேரியிலிருந்து வெறுங்கையோடு போகவில்லை என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர்கள் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு கிரகணம் கணிப்பதைக் கண்டு வியந்து, அந்த முறையை ஒருவரிடம் கற்று எழுதி வைத்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைவாகச் சொன்னது. ஐரோப்பாவில் மதிக்கப்பட்ட ஜெர்மன் வானியலாளர் தோபியாஸ் மாயரின் அட்டவணை 68 வினாடி கூடுதலாகச் சொன்னது. இதைப் பெருமை பேசுவதற்காக எழுதவில்லை. ஐரோப்பியர் வந்து அளந்தார்கள், நாம் வேடிக்கை பார்த்தோம் என்ற எண்ணத்தோடு ஒரு பிள்ளை கூட இந்தப் பாடத்தை முடிக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இப்போது சோதனை. நான்கு ஊரிலும் ஒரே நாளில், ஒரு மீட்டர் உயரமுள்ள நேரான கோலை நட வேண்டும். கோல் செங்குத்தாக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு கட்டிப் பாருங்கள். தரை சமமாக இருக்கிறதா என்று கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிப் பாருங்கள். கொத்தனாரையே ஒரு மணி நேரம் அழைத்து வந்தால் இன்னும் நல்லது. கோலைச் சுற்றி 80, 90, 100 சென்டிமீட்டர் ஆரத்தில் மூன்று வட்டங்கள் போட வேண்டும். காலையில் நிழல் சுருங்கிக்கொண்டே வந்து ஒவ்வொரு வட்டத்தையும் தொடும் நேரத்தைக் குறிக்க வேண்டும். பிற்பகலில் நிழல் நீண்டு அதே வட்டத்தைத் தொடும் நேரத்தையும் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் நட்டநடுவே உள்ள நேரம்தான் அந்த ஊரின் உண்மையான உச்சி வேளை. மிகச் சிறிய நிழல் எப்போது விழுகிறது என்று நேராகப் பார்த்தால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். பார்க்கச் சொல்லுங்கள். உச்சி வேளைக்கு முன்னும் பின்னும் பத்து நிமிடத்தில் நிழல் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மாறும், எந்த நிமிடம் என்று பிடிக்க முடியாது. அந்தத் தோல்வியை அவர்களே பட்ட பிறகு வட்டத்தின் அருமை தானாகப் புரியும். நட்ட கோலின் நிழலை வட்டத்தில் குறித்துத் திசை காண்பது நம் நாட்டுச் சிற்பிகளின் பழைய வழிதான்.

நிழலின் நுனி மங்கலாக இருக்கும். கோலின் உச்சியில் சிறு துளையிட்ட அட்டையை ஒட்டினால், நிழலுக்கு நடுவே ஒரு வெளிச்சப் பொட்டு விழும். துளை சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கட்டும், அந்தப் பொட்டு வட்டத்தைத் தொடுவதைக் குறியுங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் செய்தால் கடலூரில் உச்சி வேளை கடிகாரத்தில் சுமார் 12:24க்கு வரும், மாஹேயில் சுமார் 12:41க்கு வரும். உச்சி வெயில் என்றால் பன்னிரண்டு மணி என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு அதுவே முதல் அதிர்ச்சி. ஒரே நாடு, ஒரே கடிகாரம், ஆனால் மாஹேக்குச் சூரியன் 17 நிமிடம் தாமதம். 17ஐ நான்கால் வகுத்தால் 4.25 பாகை. இந்த அட்சக்கோட்டில் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 109 கிலோமீட்டர். ஆக இரண்டு ஊர்களுக்கும் நேர்கோட்டுத் தொலைவு சுமார் 460 கிலோமீட்டர். ஒரு குச்சியும் ஒரு கைபேசியும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலுள்ள ஒரு பள்ளியும் சேர்ந்து தந்த விடை இது. மாஹேயிலிருந்து அந்த ஓர் எண் வராவிட்டால் கடலூரில் எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை இருந்தாலும் அதைச் சொல்ல முடியாது. நான் முதலில் சொன்னது இதைத்தான். காலையில் எடுத்த குறிப்போடு மதியச் சாப்பாட்டைக் கூட மறந்து, மாஹேயின் எண் வந்துவிட்டதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

காரைக்காலும் ஏனாமும் வடக்கு-தெற்குக் கணக்குக்கு. உச்சி வேளையில் விழும் மிகச் சிறிய நிழலின் நீளத்தை இரண்டு ஊரும் அளக்கட்டும். அதே வாரத்தில் காரைக்காலில் சுமார் 53 சென்டிமீட்டரும் ஏனாமில் சுமார் 67 சென்டிமீட்டரும் வரும். எட்டாம் வகுப்புக்கு முக்கோணவியல் தெரியாது, தேவையும் இல்லை. வரைபடத் தாளில் கோலையும் நிழலையும் அளவுக்கு வரைந்து, கோணமானியை வைத்து அளந்தால் போதும். இரண்டு கோணங்களுக்கும் இடையே 6 பாகைக்குச் சற்றுக் குறைவாக வரும். சுவரில் மாட்டும் வரைபடத்தில் வடக்கு-தெற்குத் தொலைவை அளந்து பாருங்கள், சுமார் 645 கிலோமீட்டர். இவ்வளவு பாகைக்கு இவ்வளவு தொலைவு என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவை அவர்களே அளந்துவிட்டார்கள்.

இப்போது புரிந்திருக்கும், நான் ஏன் அந்த எண்களை மறைக்கச் சொன்னேன் என்று. எண் தெரிந்தால் பிள்ளைகள் அதை நோக்கித் தங்கள் குறிப்பைத் திருத்துவார்கள். ஏமாற்ற நினைத்து அல்ல, சரியாக வர வேண்டும் என்ற ஆசையில். அதைத் தடுக்க ஒரே விதி: நான்கு ஊரின் குறிப்புகளும் பகிர்ந்த அட்டவணையில் ஏறும் வரை யாரும் கைபேசியின் வரைபடத்தைத் திறக்கக் கூடாது. ஒரு நிமிடம் தவறினால் 27 கிலோமீட்டர் தவறும். வீராம்பட்டினத்துப் பிள்ளைகளோடு நான் முதன்முறை செய்தபோது விடை 60 கிலோமீட்டர் தள்ளிப் போனது. கோல் காற்றில் சாய்ந்திருந்ததை ஒரு சிறுமி புகைப்படத்தைப் பெரிதாக்கிக் கண்டுபிடித்தாள். சரியான விடையை விட அந்த ஐந்து நிமிடத்தில் அவர்கள் கற்றது அதிகம். தஹிதியிலும் இதுதான் நடந்தது. வெள்ளியின் விளிம்பு சூரியனின் விளிம்போடு பிசின் போல ஒட்டி இழுபட்டதால், அடுத்தடுத்து நின்று பார்த்த குக்கும் வானியலாளர் சார்ல்ஸ் கிரீனும் இயற்கையியலாளர் சொலாண்டரும் வெவ்வேறு நேரங்களைக் குறித்தார்கள். குக் அதை மறைக்காமல் அப்படியே எழுதி அனுப்பினார். உங்கள் அட்டவணையில் ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் “எதனால் தவறியிருக்கலாம்” என்று ஒரு பத்தி கட்டாயம் இருக்கட்டும்.

இத்தோடு நிறுத்தினால் குக் வெறும் அளவுகோலாகிவிடுவார். துபாயாவைப் பேசாமல் குக்கைப் பேசுவது நியாயமில்லை. ராயாதேயாத் தீவைச் சேர்ந்த பூசாரி அவர், பெரும் கடலோடி. தஹிதியிலிருந்து எண்டெவரில் ஏறினார். 74 தீவுகளைக் காட்டும் ஒரு கடல் வரைபடம் அவருடைய அறிவிலிருந்து உருவானது. கப்பல் எவ்வளவு சுற்றி வளைத்துப் போனாலும் தஹிதி எந்தத் திசையில் இருக்கிறது என்று கை நீட்டிக் காட்டுவார். நியூசிலாந்தில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளோடு பேச முடிந்தது அவரால்தான். 1770 இறுதியில், இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவில் நோயுற்று இறந்துபோனார். அவர் வரைந்த ஓவியங்கள் யாருடையவை என்றே தெரியாமல் இரண்டு நூற்றாண்டுகள் கிடந்து, 1997இல்தான் ஒரு பழைய கடிதத்தின் வழியாக அவருடையவை என்று உறுதியாயின.

கருவி இல்லாமல் கடலில் இடம் அறிகிறவர்கள் உங்கள் பள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும், கைபேசியும் செயற்கைக்கோள் கருவியும் வரும் முன் கடலுக்குப் போன பெரியவர்களிடம் பிள்ளைகளை அனுப்புங்கள். கரையில் உள்ள கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் ஒரு கோட்டில் வைத்து இடம் பிடித்தது எப்படி? வாடை, கொண்டல், கச்சான் ஆகிய காற்றுகள் எந்த மாதத்தில், எந்தப் பக்கத்திலிருந்து? நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்? இரவில் எந்த விண்மீன்? உங்கள் வகுப்பில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் அன்று ஆசிரியர்களாகட்டும். மாஹேயில் உள்ளவர்கள் மலையாளத்திலும் ஏனாமில் உள்ளவர்கள் தெலுங்கிலும் அதே கேள்விகளைத் தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யட்டும். பிறகு நான்கு ஊரின் காற்றுப் பெயர்களையும் ஒரே வட்டத்தில் எழுதிப் பாருங்கள். இரு கடற்கரைகளின் சொற்களும் அடுத்தடுத்து உட்காரும் அந்த வட்டம் எந்த இணையப் பக்கத்திலும் கிடைக்காது.

“கண்டுபிடித்தார்” என்ற சொல்லை வகுப்பில் விவாதமாக்குங்கள். 1769 அக்டோபரில் குக்கின் ஆட்கள் நியூசிலாந்தில் கால் வைத்த முதல் நாளிலேயே தே மாரோ என்ற மாவோரி சுட்டுக் கொல்லப்பட்டார். 1770 ஏப்ரல் 29 அன்று ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவில், கரையிறங்க வேண்டாம் என்று ஈட்டியோடு நின்ற அம்மண்ணின் பூர்வகுடிகளான இரு கிவீகல் ஆண்கள் மேல் துப்பாக்கி வெடித்தது. எட்டாம் வகுப்புக்கு இது கனமான செய்திதான், ஆனாலும் மறைக்கக் கூடாது. உங்கள் ஊரில் குண்டு உப்பலவாடி என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1690இல் ஆங்கிலேயர் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலம் தங்களுடையது என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அந்தக் குண்டுதான் ஊர்ப் பெயரில் இன்னும் இருக்கிறது. கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் நிலத்தை எதைக் கொண்டு அளந்தார்கள் என்பதைக் கடலூர்ப் பிள்ளைகள் மற்ற மூன்று ஊர்களுக்கும் சொந்தமாகச் சொல்லலாம். பாட்டனி விரிகுடாக் கரையில் நின்ற மனிதனின் பக்கத்திலிருந்து அந்த நாளை எழுதச் சொன்னால் நன்றாக எழுதுவார்கள்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பகிர்ந்த அட்டவணை, வாரம் ஒருமுறை அரை மணி நேர வீடியோ அழைப்பு, குரல் பதிவுகள் போதும். எல்லார் வீட்டிலும் கைபேசி இருக்காது. ஐந்து பேருக்கு ஒன்று என்று பள்ளி நேரத்திலேயே வேலையை வைத்துக்கொள்ளுங்கள். கணக்குகள் ஆசிரியர்கள் பெயரில் இருக்கட்டும், பிள்ளைகளின் எண்களோ முகவரிகளோ எங்கும் போக வேண்டாம். அழைப்பில் யாரும் தாளைப் பார்த்து வாசிக்கக் கூடாது. ஒவ்வோர் ஊரும் மற்ற ஊரிடம் குறைந்தது இரண்டு கேள்விகளோடு வர வேண்டும். மொழி தடையாகும் என்று பயப்படாதீர்கள். எண்களும் படங்களும் பாதி வேலையைச் செய்துவிடும், மீதிக்கு அவரவர் பள்ளி ஆங்கிலம் போதும். துபாயாவும் எண்டெவர் மாலுமிகளும் அதைவிடக் குறைந்த பொதுமொழியோடுதான் ஒரே கப்பலில் இருந்தார்கள்.

காலம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையில் சூரியனைப் பார்க்க முடியாது. ஆனி, ஆடியில் மாஹேயில் மழை விடாது. பொங்கல் முடிந்து மார்ச் வரையிலான நாள்களில்தான் இரண்டு கரைக்கும் வானம் ஒத்துவரும். அடுத்தடுத்து மூன்று நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஓர் ஊரில் மேகம் மூடிவிட்டால், அந்தக் கட்டத்தில் வேறு நாளின் எண்ணையோ பக்கத்து ஊரின் எண்ணையோ போட்டு நிரப்ப விடாதீர்கள். “மேகம்” என்று எழுதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்றும் குறிக்கச் சொல்லுங்கள். 1769 ஜூன் 4 காலை புதுச்சேரியில் லெ ழாந்தி எழுத முடிந்ததும் அதுதான்.

கோல் நடும் இடத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை மரநிழலோ கட்டட நிழலோ விழாத இடமாக இருக்க வேண்டும். மூன்று வட்டங்களில் பெரியது கடலூரில் பிற்பகல் 2:45 வாக்கில்தான் முடியும், அதற்கு முன் யாரும் மணி அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.